பூபரின் ‘நான்–நீ’: தமிழில் நீயா, நீரா, நீங்களா?

#1 கரிசல்காட்டான்

வணக்கம். எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் மார்ட்டின் பூபர் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நானாகவே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். கையில் இருப்பது ‘நான்–நீ’ உறவைப் பற்றிய அவருடைய 1923ஆம் ஆண்டு நூலின் ஆங்கில வடிவங்கள் இரண்டு. மூலம் ஜெர்மன், எனக்குத் தெரியாத மொழி.

ஆளைத் தெரியாதவர்களுக்கு: பூபர் 1878இல் வியன்னாவில் பிறந்த யூதத் தத்துவவாதி. மூன்று வயதிலேயே அம்மா வீட்டை விட்டுப் போய்விட்டார். பையன் லெம்பெர்க்கில், அதாவது இன்றைய உக்ரைனின் லிவிவ் நகரில், தாத்தா பாட்டியிடம் வளர்ந்தான். தாத்தா சாலமோன் பூபர் பழைய யூத மறைநூல் விளக்கங்களைப் பதிப்பித்த பெரிய அறிஞர். வீட்டில் அம்மாவைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். பையனைப் பார்த்துக்கொள்ள வந்த, வயதில் சற்று மூத்த சிறுமி ஒருத்தி மாடித் தாழ்வாரத்தில் நின்று, “உன் அம்மா இனி வரவே மாட்டாள்” என்று சொல்லிவிட்டாள். எண்பது வயது தாண்டிய பிறகு இதை எழுதுகிறார் மனிதர். ‘சந்திப்பு’ என்பதற்கான ஜெர்மன் சொல்லின் முன்னொட்டை மாற்றி, ‘தவறிப்போன சந்திப்பு’ என்று பொருள்படும்படி தனக்கென ஒரு சொல்லையே செய்து வைத்திருந்தாராம்.

நூலின் கரு சின்னதுதான். ‘நான்’ என்று தனியாக ஒன்று கிடையாது. ‘நான்–நீ’ என்று சொல்லும்போது இருக்கும் நான் வேறு, ‘நான்–அது’ என்று சொல்லும்போது இருக்கும் நான் வேறு. ஒரு மரத்தைப் படமாகப் பார்க்கலாம், இன்ன சாதி மரம் என்று வகை பிரிக்கலாம், எத்தனை கன அடி தேறும் என்று கணக்குப் போடலாம். அதெல்லாம் ‘அது’. சில சமயம் அந்த மரம் எதிரே நிற்கிறது, அவ்வளவுதான். அப்போது அது ‘நீ’. அப்படிச் சொல்லப்படும் ஒவ்வொரு ‘நீ’யின் வழியாகவும் என்றைக்கும் ‘அது’ ஆகவே முடியாத ஒரு ‘நீ’யை நோக்கித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்கிறார். அதுதான் அவருக்குக் கடவுள்.

இரண்டு சந்தேகங்கள். ஒன்று, முழுக்க யூத மரபில் ஊறிய ஆள் எழுதியதை மற்ற மதக்காரர்கள் ஏன் இப்படி அள்ளிக்கொண்டார்கள்? இரண்டு, தலைப்பைத் தமிழில் எப்படிப் போடுவது? ‘நானும் நீயும்’ என்றால் காதல் படம் மாதிரி இருக்கிறது.

#2 ஜோ_வேளிமலை

அண்ணாச்சி, முதல் கேள்விக்கு நான் வருகிறேன். இரண்டு வருடம் இறையியல் படித்துவிட்டுப் பாதியில் ஓடி வந்தவன். அந்த இரண்டு வருடத்தில் பூபர் பெயர் வராத வாரம் இல்லை. புராட்டஸ்டன்ட் பக்கம் எமில் ப்ரூனர், கோகார்ட்டன், கார்ல் பார்த், டில்லிக் என்று எல்லாரும் அவரோடு ஏதோ ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். ப்ரூனர் 1938இல் எழுதிய நூலின் தலைப்பே உண்மையைச் சந்திப்பாகப் பார்ப்பதுதான். பார்த் அவ்வளவு எளிதில் யாரையும் ஏற்றுக்கொள்கிறவர் அல்ல. ஆனாலும் மனிதனைப் பற்றி எழுதும் பாகத்தில் ‘நான்–நீ’யைச் சுற்றி வராமல் அவராலும் இருக்க முடியவில்லை. கத்தோலிக்கர்களில் பல்தசார் 1958இல் பூபரைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

கொஞ்சம் ருசியான கதை ஒன்று. பின்னாளில் போப் பதினாறாம் பெனடிக்ட் ஆன ராட்சிங்கர், பேராசிரியராக இருந்தபோது 1968இல் கிறிஸ்தவ நம்பிக்கை பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் தொடக்கத்திலேயே பூபர் திரட்டிய ஹசிதியக் கதை ஒன்றை எடுத்துச் சொல்கிறார். (ஹசிதியம் என்பது 18ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடையே கிளம்பிய பக்தி இயக்கம். ஆடல், பாடல், குரு, குட்டிக் கதைகள்.) பகுத்தறிவுக்காரர் ஒருவர் பெர்டிச்சேவ் ஊர் ரபியை (யூத மதகுருவை) வாதத்தில் மடக்கிவிடலாம் என்று வருகிறார். ரபி கையில் புத்தகத்தோடு அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருக்கிறார், வந்தவரைக் கவனிக்கவே இல்லை. திடீரென்று நின்று, ஒரு பார்வை பார்த்து, “ஆனால், ஒருவேளை அது உண்மையாகவும் இருக்கலாம்” என்கிறார். வந்தவருக்கு முழங்கால் நடுங்கியது. அதற்குப் பிறகு ரபி அவரோடு நிதானமாகப் பேசுகிறார்: உன்னோடு வாதிட்டவர்களெல்லாம் வார்த்தையை வீணாக்கினார்கள், கடவுளை மேஜைமேல் எடுத்து வைக்க என்னாலும் முடியாது, ஆனாலும் யோசித்துப் பார் மகனே, ஒருவேளை உண்மையாக இருந்தால்? கத்தோலிக்க நம்பிக்கையை விளக்க ஒரு ஜெர்மன் பாதிரியார், யூதர் திரட்டிய யூதக் கதையை எடுக்கிறார். உங்கள் கேள்விக்கு அதுவே பாதி பதில்.

பூபரும் நம் பக்கம் கை நீட்டியவர்தான். இயேசுவைச் சிறுவயது முதல் தன் பெரிய சகோதரராகவே உணர்ந்ததாக எழுதியிருக்கிறார். அண்ணன் என்றுதான் சொன்னார், ஆண்டவர் என்று சொல்லவில்லை. எங்கள் பேராசிரியர் அந்த இடம் வரும்போது மட்டும் தொண்டையைச் செருமுவார்.

#3 கொலோன்_குமரன்

வணக்கம். நான் யாழ்ப்பாணம், ஜெர்மனிக்கு வந்து 26 வருசம். தலைப்புக்கு வருகிறேன்.

ஜெர்மனில் ‘டூ’, ‘ஸீ’ என்று இரண்டு. அலுவலகத்தில் புதிதாக வந்தவருக்கு ‘ஸீ’. மாதக்கணக்கில் பழகிய பிறகு ஒரு நாள் மூத்தவர், “இனி ‘டூ’ சொல்லலாமா?” என்று கேட்பார். கேட்கிற உரிமை மூத்தவருக்குத்தான். எனக்கு அது நடந்த நாள் இன்னும் நினைவிருக்கிறது, கோப்பி மெசினுக்குப் பக்கத்தில். ஆனால் பிள்ளைக்கும், நாய்க்கும், கடவுளுக்கும் எடுத்த எடுப்பிலேயே ‘டூ’தான். பூபர் எழுதினது இந்த ‘டூ’.

ஆங்கிலத்தில்தான் வில்லங்கம். 1937இல் ரோனால்ட் கிரெகர் ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மொழிபெயர்த்தபோது வேதாகமத்தில் மட்டும் மிஞ்சிக் கிடந்த ‘தௌ’ (Thou) என்ற பழைய முன்னிலைச் சொல்லைப் போட்டுவிட்டார். வீட்டுச் சொல் கோயில் சொல்லாகிவிட்டது. 1970இல் வால்டர் காஃப்மன் திரும்ப மொழிபெயர்த்து, உள்ளே முழுக்க ‘யூ’ (You) என்ற சாதாரணச் சொல்லைப் போட்டார். ஆனால் அட்டையில் பழைய தலைப்பை மாற்ற அவருக்கும் வழியில்லை, அதற்குள் உலகம் முழுக்க அந்தப் பெயர் ஒட்டிவிட்டது. உங்கள் கையில் இருக்கிற இரண்டும் இவையாகத்தான் இருக்கும்.

தமிழில் ‘நீ’தான் சரி. சந்தேகமே வேண்டாம்.

#4 ஜோ_வேளிமலை

குமரன் அண்ணே, எங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் கடவுளை ‘நீ’ என்று கூப்பிட மாட்டோம். “உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக” என்றுதான் பல தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். ‘நீர்’, ‘உம்’, ‘உமக்கு’. குமரி மாவட்டத்தில் வீட்டில் யாரையும் ‘நீர்’ என்று அழைக்கிற வழக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆக எங்களுக்கும் அது கோயில் சொல்தான், அந்த ஸ்காட்லாந்துக்காரர் போட்ட சொல்லைப் போல.

#5 கொலோன்_குமரன்

அதுதான் பாருங்கோ, எங்களுக்கு ‘நீர்’ வீட்டுச் சொல். என் அப்பா அம்மாவை “நீர் சாப்பிட்டீரோ?” என்றுதான் கேட்பார். சக வயதுக்காரரோடு, கொஞ்சம் இளையவரோடு, மரியாதையும் நெருக்கமும் சேர்ந்த சொல் அது. ‘நீங்கள்’ என்றால் தள்ளி நிற்கிற மாதிரி, ‘நீ’ என்றால் சில இடத்தில் எடுத்தெறிந்த மாதிரி. ஒரே செபத்தைச் சொல்லும்போது நாகர்கோவிலில் கேட்கிற கடவுள் வேறு, யாழ்ப்பாணத்தில் கேட்கிற கடவுள் வேறு போல!

#6 பரமசிவம்67

சுவாரசியமான இழை. சைவர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. மாணிக்கவாசகர் நேரே கேட்கிறார்: “தந்தது உன்தன்னைக் கொண்டது என்தன்னைச் சங்கரா ஆர்கொலோ சதுரர்.” நீ உன்னைக் கொடுத்தாய், என்னை எடுத்துக்கொண்டாய், நம் இருவரில் கெட்டிக்காரன் யார் என்று கடவுளிடமே கணக்குக் கேட்பது. இதில் ‘நான்’ இருக்கிறது, ‘நீ’ இருக்கிறது, நடுவில் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. பூபர் 1923இல் சொன்னதை நம்மாள் ஆயிரம் வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்டார் என்று...

#7 நேர்க்கோடு

வந்துவிட்டது. “நம்மாள் அப்போதே சொல்லிவிட்டார்.” இந்தத் தளத்தில் எந்த இழையும் இந்த ஊரைத் தாண்டிப் போவதில்லை.

ஐயா, கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒத்திருப்பது வேறு, தாக்கம் வேறு. கேள்வி தாக்கத்தைப் பற்றியது. பூபர் திருவாசகம் படித்ததற்கோ, சைவர்கள் பூபரைப் படித்து மாறியதற்கோ ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் அது தற்செயல்.

இன்னொன்று. அவருடைய சொந்த மக்களே அவரை எவ்வளவு ஏற்றார்கள்? மதச் சட்டங்களைக் கடைப்பிடிக்காதவர், தொழுகைக்கூடம் பக்கம் போகாதவர். வைதிக யூதர்களுக்கு அவர் வேண்டாதவர். யூத மறைஞான ஆய்வில் பெரிய பெயரான கெர்ஷோம் ஷோலம், பூபர் காட்டும் ஹசிதியம் பூபருடையதே தவிர ஹசிதியர்களுடையது அல்ல என்கிற அளவுக்கு விமர்சித்தார். கதைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த இயக்கத்தின் கோட்பாட்டு நூல்களை ஒதுக்கிவிட்டார் என்பது அவர் வாதம். கிறிஸ்தவர்கள் அள்ளிக்கொண்டார்கள் என்றால், அவர்களுக்கு வசதியான யூதராக இருந்தார் என்பதும் காரணமாக இருக்கலாம் அல்லவா?

#8 பரமசிவம்67

கோபம் இல்லை தம்பி, அடி சரியான இடத்தில்தான் விழுந்தது. வாக்கியத்தை முடிக்கவிட்டிருக்கலாம். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அந்த நூலின் மூன்றாம் பகுதியில் பூபர் உபநிடதத்தையும் புத்தரையும் எடுத்து வைத்துப் பேசுகிறார். இந்திரன் பிரஜாபதியிடம் பாடம் கேட்கும் கதையைக்கூடச் சொல்கிறார். ‘நானே அது’ என்று கரைந்துபோவது அவருக்கு ஒப்பவில்லை. கரைந்துவிட்டால் ‘நீ’ என்று சொல்ல அங்கே யார் மிச்சம் இருப்பார்கள் என்பது அவர் கேள்வி. சைவ சித்தாந்தம் படித்த எவருக்கும் இந்த இடத்தில் ஒரு சிரிப்பு வரும். அத்துவிதம் என்றால் ஒன்று என்று பொருள் இல்லை, இரண்டன்மைதான் என்று நாங்களும் ஏகான்மவாதிகளோடு (எல்லாம் ஒரே ஆன்மா என்பவர்களோடு) மல்லுக்கட்டியிருக்கிறோம். தாக்கம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஒரே வழக்கில் இரண்டு ஊர் வக்கீல்கள், அவ்வளவுதான்.

#9 ராபியா_காயல்

நேர்க்கோடு சார், நானும் ஒப்புமைதான் சொல்லப் போகிறேன், முன்கூட்டியே மன்னிப்பு.

ஒரு நாளைக்கு 17 முறையாவது நாங்கள் ஓதுவது குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹா. அதில் முதலில் எல்லாம் படர்க்கை. அவன் அருளாளன், அவன் தீர்ப்பு நாளின் அதிபதி. பிறகு நடுவில் சட்டென்று திரும்புகிறது: “உன்னையே வணங்குகிறோம், உன்னிடமே உதவி தேடுகிறோம்.” ‘அவன்’ ‘நீ’ ஆகிவிடுகிறான். அரபு இலக்கணத்தில் இந்தத் திருப்பத்துக்கென்றே தனிப் பெயர் உண்டு. சின்ன வயதிலிருந்து ஓதுகிறேன், அந்தத் திருப்பம் என் காதில் விழுந்தது பூபரைப் படித்த பிறகுதான். கடவுளைப் பற்றிப் பேச முடியாது, கடவுளோடுதான் பேச முடியும் என்பது போல அவர் சொல்லும் இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இது ஒருத்தி மேல் ஏற்பட்ட தாக்கம். கணக்கில் சேருமா?

#10 நேர்க்கோடு

சேரும். இதை ஒப்புமை என்று சொன்னதுதான் தவறு.

#11 கொலோன்_குமரன்

ராபியா அக்கா சொன்ன அந்த ‘அவன்–நீ’ திருப்பத்துக்குப் பூபரிடமே ஒரு சான்று இருக்கிறது. 1925இல் அவரும் இன்னொரு யூதத் தத்துவவாதியான ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக்கும் எபிரேய வேதத்தை ஜெர்மனுக்குக் கொண்டுவரத் தொடங்கினார்கள். ரோசன்ஸ்வைக்குக்கு அப்போது உடம்பெல்லாம் முடங்கிவிட்டது. பேச்சும் போய்விட்டது, மனைவியின் உதவியோடு எழுத்து எழுத்தாகக் காட்டித்தான் வேலை செய்தார். 1929இல் இறந்தார். பூபர் தனியாக இழுத்துக்கொண்டு போய் 1961இல் முடித்தார். அதற்குள் அதை வாசிக்க வேண்டிய ஜெர்மன் யூதர்களே இல்லாமல் போய்விட்டார்கள். ஷோலம்கூட அதை ஒரு கல்லறைக் கல்லோடு ஒப்பிட்டார்.

அதில் கடவுளின் நான்கெழுத்துத் திருப்பெயர் வரும் இடத்தில் என்ன போடுவது என்று கேள்வி. தமிழில் யெகோவா, கர்த்தர், ஆண்டவர் என்று காலத்துக்கு ஒன்றாகப் போட்டோம். இவர்கள் பெயரையும் போடவில்லை, பட்டத்தையும் போடவில்லை. இடத்துக்குத் தகுந்தபடி ‘நான்’, ‘நீ’, ‘அவர்’ என்ற பெயர்ச்சுட்டைப் பெரிய எழுத்தில் அச்சடித்துவிட்டார்கள். கடவுளின் பெயரே ‘நீ’.

#12 ஜோ_வேளிமலை

இது எனக்குப் புதிது. முட்செடியில் மோசே கடவுளின் பெயரைக் கேட்கும் இடத்தை எப்படிப் போட்டார்கள்? எங்கள் பழைய வேதாகமத்தில் “இருக்கிறவராக இருக்கிறேன்”.

#13 கொலோன்_குமரன்

“நான் எப்படி வந்து நிற்பேனோ அப்படி வந்து நிற்பேன்” என்கிற மாதிரி. ‘இருக்கிறேன்’ என்பது தத்துவம், ‘கூட இருப்பேன்’ என்பது வாக்கு. எகிப்தில் அடிமைகளாகக் கிடந்தவர்களுக்கு இரண்டாவதுதானே தேவைப்பட்டிருக்கும்?

#14 கரிசல்காட்டான்

இரண்டு நாள் ஊரில் இல்லை, திரும்பி வந்தால் இழை எங்கேயோ போய்விட்டது. நன்றி எல்லாருக்கும்.

நேர்க்கோடு கேட்ட ‘தாக்கம்’ பற்றி நான் சேர்த்து வைத்ததைச் சொல்கிறேன். 1963 ஏப்ரலில் பர்மிங்காம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதத்தில் பூபர் பெயர் சொல்லியே வருகிறார். நிறவெறிப் பிரிவினை ‘நான்–நீ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘நான்–அது’வை வைக்கிறது, மனிதரைப் பொருளாக்குகிறது என்கிறார். அந்தக் கடிதம் யாருக்கு? போராட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்ன வெள்ளைக்கார மதகுருக்கள் எட்டுப் பேருக்கு. அதில் ஒருவர் ரபி, மற்ற ஏழு பேரும் கிறிஸ்தவர்கள். பாப்டிஸ்ட் போதகரான கிங் இவர்களிடம் கிறிஸ்தவ ஞானிகளான அகுஸ்தீனையும் அக்குவினாசையும் காட்டிவிட்டு, அதே மூச்சில் ஒரு யூதரையும் எடுத்துக் காட்டுகிறார்.

அடுத்து டாக் ஹாமர்ஷோல்ட், ஐ.நா. பொதுச் செயலர், லூத்தரன் குடும்பத்தில் வளர்ந்த சுவீடன்காரர். ஜெருசலேமில் பூபரை வீட்டுக்கே போய்ச் சந்தித்தவர். 1961இல் ‘நான்–நீ’யை சுவீடிஷ் மொழிக்குக் கொண்டுவர ஆரம்பித்திருந்தார். செப்டம்பரில் காங்கோ சமரசத்துக்காகப் போகும் வழியில், இன்றைய ஜாம்பியாவின் இண்டோலா அருகே விமானம் விழுந்து இறந்தார். மொழிபெயர்ப்பு சில பக்கங்களோடு நின்றுபோனது.

கடைசியாக ஒரு வீடு. ஜெர்மனியின் ஹெப்பன்ஹைமில் பூபர் 1916 முதல் 1938 வரை குடியிருந்த வீடு. அவர் ஜெருசலேம் போன சில மாதங்களில், நவம்பர் 1938 யூத எதிர்ப்புக் கலவரத்தில் அதைச் சூறையாடினார்கள். அதே வீட்டில்தான் 1979 முதல் கிறிஸ்தவ–யூத உறவுக்கான சர்வதேச மன்றத்தின் தலைமையகம் இருக்கிறது. குமரன், உங்களுக்குப் பக்கம்தானே?

#15 கொலோன்_குமரன்

பக்கமில்லை, ஆனால் போகலாம். டார்ம்ஸ்டாட்டுக்கும் ஹைடல்பெர்க்குக்கும் நடுவில். கோடை விடுமுறையில் பார்க்கிறேன்.

#16 நேர்க்கோடு

நல்லது. எல்லாரும் மாலை போட்டாயிற்று. இப்போது ஒரு கேள்வி. உரையாடல் தத்துவம் பேசியவர் 1938இல் பாலஸ்தீனம் போய்க் குடியேறினார். அங்கே ஏற்கெனவே இருந்த மக்கள் ‘நீ’யா ‘அது’வா? காந்தி 1938 நவம்பர் 26 ஹரிஜன் இதழில் தெளிவாக எழுதினார். யூதர்கள் மேல் முழு அனுதாபம் உண்டு, ஆனால் இங்கிலாந்து ஆங்கிலேயருக்கு எப்படியோ அப்படிப் பாலஸ்தீனம் அரேபியருக்கு என்று. பூபர் அதை எதிர்த்தவர்தானே?

#17 கரிசல்காட்டான்

எதிர்த்தார். 1939 பிப்ரவரி 24 தேதியிட்ட நீண்ட கடிதம். ஆனால் முழுதாகப் படித்தால் வெறும் எதிர்ப்பு மாதிரி தெரியவில்லை. காந்தியை மதித்தவர், முன்பே அவரைப் பற்றிக் கட்டுரை எழுதியவர். இந்தக் கடிதத்தை நிறுத்தி நிறுத்தித்தான் எழுத முடிந்தது, தன் மக்கள்மீது உள்ள பற்றால் வரம்பு மீறுகிறேனோ என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டேன் என்று அதிலேயே சொல்கிறார்.

காந்தி ஜெர்மன் யூதர்களைத் தென்னாப்பிரிக்க இந்தியர்களோடு ஒப்பிட்டு, சத்தியாகிரகம் செய்யச் சொன்னார். அந்த ஒப்பீட்டுக்குள் நம்மவர்கள் இருக்கிறார்கள். சிறையிலிருந்து நோயோடு வந்து 16 வயதில் செத்துப்போன தில்லையாடி வள்ளியம்மை இருக்கிறாள். பூபரின் பதில்: அங்கே அடித்தார்கள், சிறையில் போட்டார்கள், ஆனால் வதைமுகாம் என்றால் என்னவென்று தெரியுமா? பார்க்கச் சாட்சியே இல்லாத இடத்தில் உயிரைக் கொடுத்தால் அது காற்றில் போகும். நாட்டு விஷயத்தில் அவர் சொன்னது, இந்த மண்ணில் இரண்டு உரிமைகள் மோதுகின்றன, இரண்டுக்கும் இடம் கொடுக்கும் வழியைத் தேட வேண்டும் என்பது.

காந்தி பதில் எழுதியதாகப் பதிவு இல்லை. கடிதம் அவர் கைக்குப் போனதா என்பதிலேயே சந்தேகம் உண்டு. உரையாடலையே வாழ்க்கையாக வைத்தவரின் மிக முக்கியமான கடிதத்துக்குப் பதிலே இல்லை.

#18 ராபியா_காயல்

இந்த இடத்தில் நான் பேசாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

பூபர் சியோனிஸ்ட்தான், அதாவது யூதருக்குப் பாலஸ்தீனத்தில் தாயகம் வேண்டும் என்ற இயக்கத்துக்காரர். அதை மறைத்து அவரை உலகப் பொது மகானாக்குவது எனக்குப் பிடிக்காது. காந்தியின் வாக்கியம்தான் இன்றைக்கும் எனக்குச் சரியாகப் படுகிறது. அதே சமயம் பூபர் கேட்டது யூத நாடு அல்ல, யூதரும் அரேபியரும் சமமாக ஆளும் ஒரே நாடு. 1942இல் ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத் தலைவர் ஜூடா மாக்னஸோடு சேர்ந்து அதற்காக ஒரு சிறு அமைப்பு தொடங்கினார். அவர் பக்கத்தில் யாரும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்திலும் அதிகம் பேர் கேட்கவில்லை. 1948க்குப் பிறகு நாடு வந்ததை ஏற்றுக்கொண்டார், ஆனாலும் அரேபியக் குடிமக்களுக்காகத் தொடர்ந்து எழுதிக்கொண்டே இருந்தார். யூத இன அழிப்பில் பெரும்பங்கு வகித்த நாஜி அதிகாரி ஐக்மனைத் தூக்கில் போடாதீர்கள் என்று 1962இல் கேட்டவரும் அவர்தான். அதுவும் நடக்கவில்லை. 1965 ஜூனில் அவர் இறந்தபோது அரபு மாணவர் அமைப்பு ஒன்று மலர்வளையம் வைத்தது.

இதை வைத்து அவருக்கு நான் சான்றிதழ் கொடுக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அந்த மலர்வளையத்தைக் கொண்டுபோன மாணவர்கள் அன்றைக்கு என்ன பேசிக்கொண்டு நடந்திருப்பார்கள் என்று மட்டும் அடிக்கடி நினைப்பேன்.

#19 நேர்க்கோடு

சரி. இதற்கு மேல் நான் எதுவும் சேர்க்க மாட்டேன்.

#20 தறிச்சத்தம்

நீண்ட நாளாகப் படிக்க மட்டும் செய்பவள், முதல் முறை எழுதுகிறேன். மனநல ஆலோசகராக வேலை. மதம் வழியாக வரவில்லை, அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் வழியாகப் பூபரிடம் வந்தேன். இருவரும் 1957இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மேடையில் பேசினார்கள். சிகிச்சை அறையில் நானும் என்னிடம் வருபவரும் சமமாகச் சந்திக்கிறோம் என்கிறார் ராஜர்ஸ். பூபர் விடவில்லை. அவர் உதவி கேட்டு உங்களிடம் வந்திருக்கிறார், நீங்கள் அவரிடம் உதவி கேட்டுப் போகவில்லை, இது எப்படிச் சமம்? ராஜர்ஸ் கட்சிதான் நான். ஆனால் அறைக் கதவைச் சாத்தும்போதெல்லாம் பூபர் கேட்டதுதான் நினைவுக்கு வருகிறது.

பயிற்சி மாணவர்களுக்கு நான் சொல்வது பூபரின் குதிரைக் கதை. 11 வயதில், கோடையில் தாத்தாவின் பண்ணையில் இருக்கும்போது, யாரும் பார்க்காத நேரம் பார்த்து லாயத்துக்குள் நுழைந்து, சாம்பல் புள்ளிக் குதிரை ஒன்றின் கழுத்தைத் தடவுவாராம். பிடரி சில நாள் வாரிவிட்டது போல மழமழவென்று, சில நாள் முரட்டுத்தனமாக. கையின் கீழே தன்னுடையதல்லாத உயிர் ஒன்று துடிப்பது தெரியும். தீனித் தொட்டியில் ஓட்ஸ் கொட்டாத நாளில்கூடக் குதிரை மெல்லத் தலையைத் தூக்கும், காதை ஆட்டும், கூட்டாளிக்கு மட்டும் கேட்கிற மாதிரி லேசாகச் சீறும். ஒரு நாள் தடவிக்கொண்டிருக்கும்போதே, அட, இது எவ்வளவு சுகமாக இருக்கிறது என்று தோன்றியது. தன் கையின்மேல் கவனம் போயிற்று. விளையாட்டு அதே மாதிரி நடந்தது, ஆனால் ஏதோ மாறிவிட்டது. மறுநாள் நிறையத் தீனி போட்டுவிட்டுத் தடவினால், குதிரை தலை தூக்கவில்லை.

#21 ஜோ_வேளிமலை

அக்கா, ஏன் இத்தனை நாள் எழுதவில்லை?

இன்னொன்று, பூபரைப் பார்க்க வந்த இளைஞன் தற்கொலை செய்துகொண்ட கதையும் உண்டல்லவா? கரிசல் அண்ணாச்சி, பேச்சில் அதையும் சேருங்கள்.

#22 கரிசல்காட்டான்

அது தற்கொலை இல்லை ஜோ, பல இடங்களில் தப்பாகவே சொல்கிறார்கள். 1914 ஜூலை. பூபருக்கு அப்போது 36 வயது, மறைஞானப் பரவசத்தில் ஈடுபாடு அதிகம். காலையில் அப்படி ஓர் அனுபவத்தில் மூழ்கி எழுந்திருக்கிறார். பிற்பகலில் மெஹே என்ற இளைஞர் வருகிறார். பூபர் அன்பாகப் பேசினார், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். மனம் முழுதாக அங்கே இல்லை, அவ்வளவுதான். அந்த இளைஞர் கேட்காமல் விட்ட கேள்வியை ஊகிக்கத் தவறிவிட்டார். முதல் உலகப் போர் தொடங்கியது, அதில் இளைஞர் இறந்தார். சாவை எதிர்த்து நிற்கும் எண்ணமே விட்டுப்போன மாதிரியான ஒரு விரக்தியில் என்று பிறகு பூபர் எழுதுகிறார். அந்த இளைஞர் சும்மா பேச வரவில்லை, ஒரு முடிவைத் தேடி வந்திருந்தார் என்பது நண்பர் ஒருவர் மூலமாகப் பின்னால்தான் தெரிந்தது.

அதோடு பரவசத்தை விட்டுவிட்டேன், அல்லது அது என்னை விட்டுவிட்டது என்கிறார். அன்றாடத்தைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் இல்லை. ஒன்பது வருடம் கழித்து வந்த நூல்தான் நாம் பேசிக்கொண்டிருப்பது. இது யூதப் பிரச்சினையும் இல்லை, கிறிஸ்தவப் பிரச்சினையும் இல்லை. கதவைத் தட்டி வந்த ஒருவருக்கு மோர் கொடுத்து, நலம் விசாரித்து, அனுப்பிவைத்து, ஆனால் பார்க்காமலே விட்டது. மற்ற மதக்காரர்கள் இதை எடுத்துக்கொண்டதில் எனக்கு இப்போது ஆச்சரியம் குறைந்துவிட்டது.

தலைப்பு இன்னும் முடிவாகவில்லை. ‘நான்–நீ’ என்று கோடு போட்டு எழுதலாம் என்று நினைக்கிறேன்.

#23 பரமசிவம்67

கோடு நல்லது. இரண்டன்மை!

#24 கரிசல்காட்டான்

கூட்டம் முடிந்தது. சுருக்கமாக அறிக்கை.

கோடு போகவில்லை. ஃபிளெக்ஸ் அடிக்கிற தம்பி, “சார், கோடு போட்டா ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்கு” என்று ‘நானும் நீயும்’ என்றே அச்சடித்து, ஓரத்தில் இரண்டு ரோஜாப்பூவும் வைத்துவிட்டார். வந்தவர்கள் 14 பேர். அதில் ஒரு கணவன் மனைவி, ஐம்பது வயது இருக்கும், குடும்பநல ஆலோசனைக் கூட்டம் என்று நினைத்து வந்தவர்கள். பாதியில் தெரிந்தும் எழுந்து போகவில்லை.

கிங், ஹாமர்ஷோல்ட், காந்தி எல்லாம் சொன்னேன். ராபியா அனுமதி கொடுத்ததால் ஃபாத்திஹாவையும் சொன்னேன். பின்வரிசையில் இருந்த பாய் ஒருவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். நடுவில் கரண்ட் போனது, பத்து நிமிடம் இருட்டில் பேசினேன், அதுதான் நன்றாக இருந்தது என்றார்கள்.

#25 தறிச்சத்தம்

அந்தத் தம்பதி ஏதாவது கேட்டார்களா?

#26 கரிசல்காட்டான்

அந்த அம்மா கேட்டார். மறுபடி எப்போதாவது அந்தக் குதிரை தலையைத் தூக்கியதா என்று.

அதைப் பூபர் எழுதவில்லையம்மா என்றேன். சில வருடம் கழித்து நினைத்துப் பார்த்தபோது, தான் மாறியதைக் குதிரை கண்டுபிடித்திருக்கும் என்று அவரே நம்பவில்லை, ஆனால் அன்றைக்குத் தனக்குத் தீர்ப்புச் சொல்லியாயிற்று என்று தோன்றியதாக எழுதியிருக்கிறார் என்றேன்.

“அதெல்லாம் குதிரைக்குத் தெரிஞ்சிருக்கும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிக் கணவரைப் பார்த்தார். அவர் ஃபிளெக்ஸைப் படித்துக்கொண்டிருந்தார்.